கழுவிய நேரம்

ஆவணக் காப்பகத்தில் பழைய காகித நெகட்டிவ்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் வேலை. பிலிமும் கண்ணாடித் தகடும் வருவதற்கு முன்னால் காகிதத்திலேயே மருந்து தடவிப் படம் எடுத்தார்கள். நூற்றெழுபது வருடத்துக் காகிதங்கள். காகிதத்தில் பூசிய மெழுகு பழுத்து, ஓரம் மஞ்சளித்து, உருவம் வெளுத்துக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதுவேன். அதில் 'சிதைவின் காரணம்' என்று ஒரு கட்டம். பாதிக்கு மேல் ஒரே காரணம்தான்: படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்தைச் சரியாகக் கழுவாமல் விட்டது. தங்கிப்போன மருந்து உள்ளேயே இருந்து படத்தைத் தின்றுவிடும். எந்தச் சோம்பேறி பார்த்த வேலையோ என்று, செத்துப்போன அந்த மனிதர்களை வாய் வலிக்கத் திட்டிக்கொண்டேதான் எழுதுவேன்.

வீட்டிலும் ஒரு சோம்பேறி இருந்தார். என் கணவர், வேதியியல் வாத்தியார். என் வேலையைப் பார்த்து ஆசை வந்து, குளியலறையை இருட்டாக்கி, பழைய முறையில் ஒரே ஒரு காகித நெகட்டிவ் எடுத்தார். எங்கள் ஏழு வயது மகளை. வாலு என்றுதான் கூப்பிடுவோம். காலில் சக்கரம் கட்டியவள், அன்றைக்கு அப்பாவுக்காக ஒன்றரை நிமிடம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள். அந்த வாரமே நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

செல்போனில் அவள் படம் ஆயிரம் இருக்கிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் எடுத்தவை. ஒன்றரை நிமிடம் முழுசாக அவள் இருப்பது அந்தக் காகிதத்தில் மட்டும்தான். உறையில் போட்டு என் பீரோவில் பூட்டினேன். ஒரு வருடம் அதைத் தொட எனக்குத் தெம்பில்லை. பிரித்தபோது ஓரமெல்லாம் மஞ்சள். நெகட்டிவில் கறுப்பெல்லாம் வெளுப்பாகத்தான் விழும்; சாயம் மெல்லியதாக இருக்கும் அந்த இடம்தான் முதலில் போகும். முடி போயிருந்தது. கண்ணைச் சுற்றி வெளுக்கத் தொடங்கியிருந்தது. உடனே ஸ்கேன் எடுத்தேன். போனது போனதுதான்.

அன்றிலிருந்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கினேன்.

"கழுவத் துப்பில்லாதவருக்கு எதுக்குங்க இந்த வேலை? இதுல கெமிஸ்ட்ரி வாத்தியார் வேற!"

"தப்புதான்."

"ஒரு மணி நேரம் தண்ணியில போட்டிருந்தா என் புள்ள முகம் இருந்திருக்கும்."

"தப்புதாம்மா."

எதைச் சொன்னாலும் அதே பதில்தான். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

இந்த மாதம் கண்களும் கரையத் தொடங்கின. மறுபடி கழுவினால் மிச்ச மருந்து வெளியேறலாம். உருவமும் கூடவே போய்விடலாம். முடிவெடுக்க, எத்தனை நிமிடம் கழுவினார் என்று அவர் எழுதி வைத்த குறிப்பு வேண்டும். கேட்டேன்.

"அந்த நோட்டு தொலைஞ்சு போச்சு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப்போடாத மனிதர். அவர் பள்ளிக்குப் போனதும் அலமாரியைத் தலைகீழாகப் புரட்டினேன். விடைத்தாள் கட்டுக்கு அடியில் இருந்தது.

'ஹைப்போ: பத்து நிமிடம். கழுவியது: ஆறு நிமிடம். வாலுவுக்குப் பசி, பாதியில் நிறுத்தியாச்சு. ஞாயிறு மறுபடி கழுவ வேண்டும்.'

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

அப்போதுதான் நினைவு வந்தது. குளியலறைக் கதவைத் தட்டியது நான். "போதும்ங்க, நீங்க வராம சாப்பிட மாட்டேங்கிறா, புள்ள பசியில துவண்டு போறா" என்று கத்தியது நான். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று அவர் கெஞ்சக் கெஞ்ச, உள்ளே போய்க் குழாயை மூடியதும் நான்தான். இதையா மறந்தேன்? பாவி.

சாயங்காலம் வந்தவர் என் கையில் நோட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏன் சொல்லலை?"

"என்னைத் திட்ட ஆரம்பிச்ச பிறகுதான் நீ ஒழுங்கா சாப்பிடவே ஆரம்பிச்சே. அதான், திட்டிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவரும் அழுதார்.

மறுநாள் அந்தக் காகிதத்தை நான் தண்ணீரில் போடவில்லை. அவ்வளவு மெலிந்த முகம் தாங்காது. புது உறையில் வைத்து, மற்றவற்றுக்கு எழுதுவதைப்போல அதற்கும் ஓர் அட்டை எழுதினேன். சிதைவின் காரணம் என்ற கட்டம் வந்தது. 'பிள்ளைக்குப் பசி' என்று எழுதினேன்.