சாயிப்பின் வலது செவி

பாறசாலை சந்திப்பில் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஷிபு என்றால் தெரியாது. சாயிப்பு, அதாவது வெள்ளைக்காரன், என்றால்தான் தெரியும். பிறக்கும்போதே தோலில் நிறமில்லாமல் பிறந்தவன். முடியும் இமையும் வாழைநார் மாதிரி வெளுத்திருக்கும். கண்பார்வையும் மட்டுத்தான். தடித்த கண்ணாடி போட்டும், டிக்கெட்டை மூக்கருகே கொண்டுபோய்த்தான் நம்பர் வாசிப்பான். பதினோரு வருஷமாக சதாசிவனின் ஜவுளிக்கடைக்கு முன்னால், ரோட்டோரம் குடை பிடித்து நின்று லாட்டரி விற்கிறான். அந்த வெள்ளைக் கைக்கு ராசி உண்டென்று ஊரில் ஒரு பேச்சு. கடை திறந்ததும் சதாசிவன் முதலில் அவனிடம்தான் வருவார்.

"நீயே ஒண்ணு எடுத்துத் தா மக்கா. உனக்க கை வேற கையாக்கும்."

வலது செவியின் மேல்விளிம்பில் வந்த புண்ணை முதலில் கண்டது அவன் மனைவி ஜினி. தலையணை உறையில் சிவந்த மஞ்சாடி விதை அளவுக்கு ரத்தக்கறை இருந்தது. வெயில் கொப்புளம் என்று அவன் தேங்காயெண்ணெய் தடவினான். பொருக்கு கட்டும், உதிரும், மறுபடி கட்டும். எட்டு மாதமாகியும் ஆறாததைக் கண்டு, தையல் யூனிட்டில் லீவு சொல்லிவிட்டு அவள்தான் அவனைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் புண்ணிலிருந்து ஒரு துணுக்கு கிள்ளியெடுத்துச் சோதித்தார்கள். தோல் புற்று. செவியின் மேல்பாகத்தை வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷன் அன்று காலை, தியேட்டர் கதவுக்கு வெளியே பெஞ்சில் அவன் விரல்களைக் கோத்துப் பிடித்தபடி ஜினி உட்கார்ந்திருந்தாள்.

"செவி போனா நீ சொல்லுதது பாதிதான் கேக்கும் பிள்ளே."

"முழுசா இருந்தப்பமே நீங்க பாதிதான் கேட்டீங்க. பேடிக்காம உள்ள போங்க."

மயக்கம் கொடுக்கவில்லை. டாக்டர் நீது பேனாவால் செவியில் வளைத்துக் கோடு போட்டாள். "புண்ணு இத்தனைதான் வெளிய தெரியுது. அதுக்க வேரு எங்க கெடக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. சுத்தியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேத்து எடுக்கணும்."

மரத்துப்போகிற ஊசி நாலு இடத்தில் கடந்தல் குளவி கொட்டியது போல இறங்கியது. அப்புறம் வலியே இல்லை. ஆனால் சத்தம் கேட்டது. பச்சைப் பாக்கை வெட்டுகிற சத்தம், அவன் தலைக்குள்ளேயே. ஷிபு கண்ணை இறுக மூடிக்கொண்டு முணுமுணுத்தான்.

"ஜெபமா?" என்றாள் டாக்டர்.

"இல்ல டாக்டரே. நேத்து விக்காம போன டிக்கெட்டுக்க நம்பராக்கும்."

"தையலு பிரிக்க வரும்போ எனக்கும் ஒண்ணு கொண்டு வாங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் தைக்கத் தொடங்கினாள்.

தையல் பிரிக்கப் போன அன்று ரிப்போர்ட்டும் வந்திருந்தது. வெட்டிய ஓரத்தில் எங்கும் புற்று இல்லை. ஜினி சிலுவை வரைந்துகொண்டாள். டாக்டர் டிக்கெட்டை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இது போச்சு. ஆனா உங்க தோலுக்கு வெயிலுதான் விஷம். இன்னொரு இடத்துல வராம இருக்கணும்னா காலைல பத்து மணிக்கு மேல வெயில்ல நிக்கப்படாது. நிழல்ல உள்ள வேலை பாருங்க."

கட்டு இல்லாமல் வீட்டுக்கு வந்த பிறகுதான் மூக்குக்கண்ணாடி நிற்காதது தெரிந்தது. வலதுபக்கக் கம்பிக்குத் தொங்க இடமில்லை. குனிந்தால் சரிந்து விழுந்தது. ஜினி ஒரு எலாஸ்டிக் நாடாவை இரண்டு கம்பியிலும் வைத்துத் தைத்து, அவன் தலைக்குப் பின்னால் மாட்டிப் பார்த்தாள். இறுகியது. பிரித்துத் தைத்தாள். தொளதொளத்தது. மூன்றாம் தடவை சரியாக வந்தது. தழும்பை விரல்நுனியால் மெல்லத் தொட்டாள்.

"சின்னதாப் போச்சுல்லா?" என்றான்.

"கம்மல் போட இடம் மிச்சமுண்டு," என்று சிரித்தவள், அப்படியே அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் இருவரும் சதாசிவனைப் பார்க்கப் போனார்கள். கடை வாசலில் எட்டடி அகலத்துக்குத் தகரக் கூரை இறக்கியிருந்தது.

"அண்ணாச்சி, இந்த மூலையில ஒதுங்கி நின்னுக்கிடட்டா? வழி மறிக்க மாட்டேன். வெயிலு கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கு."

சதாசிவன் செவியைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். "உனக்கு இல்லன்னு சொல்லுவேனா மக்கா? ஆனா இஞ்ச வாறது கல்யாணச் சேலை எடுக்க வாற ஆளுவளாக்கும். வாசல்ல ஏறும்போ இதைக் கண்டா... கொஞ்சம் ஆறட்டும். பிறவு பாப்போம்."

"ஆறியாச்சு அண்ணாச்சி," என்றாள் ஜினி.

அவர் உள்ளே போய் ஒரு புதுத் துவர்த்துத் துண்டைக் கொண்டுவந்து ஷிபுவின் கையில் வைத்தார். "தலையில சுத்திக்கோ. காசொண்ணும் வேண்டாம்." மனசோடுதான் கொடுத்தார். அன்றைக்கு டிக்கெட் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஷிபு பழைய இடத்துக்கே வந்தான். வெள்ளறடை பஸ்ஸுக்குப் போகிற சோமன், தினமும் இரண்டு எடுக்கிறவன், கிட்டே வந்து செவியைக் கண்டதும் நின்றான். "இன்னைக்கு வேண்டாம் சாயிப்பே. நாளைக்கு வாறேன்," என்று சொல்லிவிட்டு நடந்தான். பத்து மணிக்குள் ஐந்து டிக்கெட்தான் போயிருந்தது. தார் காய்ந்து அனல் முகத்தில் அடித்தது.

கடைக்குள்ளிருந்து சதாசிவனின் குரல் கேட்டது. "எடி, படியில நிக்குத பொம்மையை உள்ளோட்டு மாத்தி வை. வெயிலு அடிச்சா சேலை நிறம் போவும்."

விற்பனைக்கு நிற்கும் பெண் வெளியே வந்து, பட்டுச்சேலை சுற்றிய பொம்மையை இடுப்போடு அணைத்துத் தூக்கித் தகரத்தின் நிழலில், அந்த மூலையில் நிறுத்தினாள். மடிப்பை நீவிச் சரிசெய்தாள்.

ஷிபு துவர்த்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குடையை வலப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தான். இடது செவி சிவக்க ஆரம்பித்திருந்தது.