லேஸ் கட்டும் நேரம்

எங்கள் கொரியாவில் ஒரு மேஜையில் யார் மூத்தவரோ அவர்தான் சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பார். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நான் காலமெல்லாம் கம்பி கட்டிய கட்டடத் தளங்களிலும் அப்படித்தான். காசு கொடுக்க மனமில்லாத ஆள், சாப்பிட்டு முடித்ததும் கடை வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் லேஸைக் கட்டிக்கொண்டே இருப்பான். மற்றவன் கல்லாவுக்குப் போகிறவரை அவன் முடிச்சு முடியாது. அப்படிப்பட்டவனுக்கு 'லேஸ்காரன்' என்று பெயர் வைத்துவிடுவோம். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் தளம் மாறினாலும் கூடவே வரும். எனக்கு அது வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஐம்பது தாண்டித்தான் எழுத்துக் கற்றேன். மாலைப் பள்ளியில் உதட்டை அசைத்து, விரலை வரியின் கீழ் வைத்துப் படித்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, ஜோன்ஜுவில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் சமூகநலப் படிப்பில் சேர்ந்தேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து குனிந்து வணக்கம் சொன்னார்கள். நான் நேராகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

முன்னால் இருந்த ஊசொக் என்ற பையன் திரும்பிப் பார்த்தான். "சார், பாடம் எடுக்கலையா?"

"நானும் படிக்கத்தான்பா வந்திருக்கேன்."

"அடப்பாவமே, அப்போ சும்மாவா எழுந்து நின்னோம்?"

வகுப்பே சிரித்தது. அன்றைக்கே எனக்குப் 'பெரியண்ணன்' என்று பெயர் விழுந்துவிட்டது.

மதியம் பல்கலைக்கழக வாசலில் இருக்கும் முளைப்பயறு சூப்புச் சோற்றுக் கடைக்குப் போவோம். செருப்பை வாசலில் விட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் கடை. முதல் நாள் நான் காசு கொடுத்தேன். பெரியண்ணன் என்று கூப்பிட்ட பிறகு வேறு யார் கொடுப்பது? மறுநாளும் கொடுத்தேன். பரீட்சை முடிந்தால் பொரித்த கோழி, யாராவது கட்டாய ராணுவச் சேவைக்குப் போனால் பன்றி இறைச்சி. அவர்கள் "பெரியண்ணே, பசிக்குது" என்று தோளில் சாயும்போது எனக்குள் ஒரு வெளிச்சம் வரும். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்த வெளிச்சத்துக்கு என்ன விலை என்று நான் பார்க்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் வலது தோள் போய்விட்டது. கம்பியைத் தூக்கினால் கை பாதியில் நின்றுவிடும். விடியலில் கூலி ஆபீஸில் போய் உட்கார்ந்தால் இளம் ஆட்களைக் கூப்பிட்டுப் போவார்கள், நான் பேப்பர் கப் காப்பியோடு திரும்பி வருவேன். கல்லூரிக் கட்டணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டினேன். அந்தக் கார்டுக்கு இன்னொரு கார்டு. அதற்கு வட்டி அதிகமான ஒரு கடன் கம்பெனி. அப்போதும் மதியச் சாப்பாட்டுக்கு நான்தான் முதலில் எழுந்தேன்.

பிறகு கடனைக் கேட்டுப் போன்கள் வர ஆரம்பித்தன. அதற்கும் பிறகு நான் எழுந்திருப்பது நின்றுபோனது.

முதலில் அதைச் சோம்பல் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் சோம்பல் வந்ததில்லை; வந்தால் இப்படித்தான் இருக்கும் போல என்று எண்ணிக்கொண்டேன். அறையில் படுத்தே கிடந்தேன். வாசலில் பூட்ஸ் கிடந்தது. அதில் காலை நுழைக்க வேண்டும் என்று நினைத்தாலே மூச்சு வாங்கியது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து கண் வரைக்கும் வந்தது, உள்ளே இறங்கவில்லை. அவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்த எழுத்து என்னை விட்டுப் போய்விட்டது என்று பயந்துபோனேன். நான் இல்லாமல் போனால் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடும் என்ற நினைப்பு, வந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

வகுப்புத் தலைவி நாரே தினமும் போனில் செய்தி அனுப்புவாள். "பெரியண்ணே, சாப்பிட்டீங்களா?" நான் பதில் போடுவேன்: "சாப்பிட்டேன்." எங்களுக்குள் அதற்கு வேறு பதில் கிடையாது. பட்டினியாய் இருப்பவனும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வான். நான் மெதுவாகப் படிப்பவன் என்பதால், நடந்த பாடங்களைத் தன் குரலில் படித்துப் பதிவு செய்தும் அனுப்பிக்கொண்டே இருந்தாள். நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

ஒரு நாள், படிப்பை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவுதான் என்னை எழுப்பி பூட்ஸைப் போட வைத்தது. படிப்பை விட்ட பிறகு என்ன என்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கத்தான் அந்த முடிவே.

அலுவலக ஜன்னலில் இருந்த பெண் என் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "ஐயா, விலகுறதுன்னா ஆலோசனை அறையில முத்திரை வாங்கணும். மூணாவது மாடி."

"முத்திரை மட்டும்தானே?"

"முத்திரை மட்டும்தான்."

ஆலோசனை அறையில் மேங் டீச்சர் என்ற பெண் ஆலோசகர் இருந்தார். முப்பதைத் தாண்டி நாலைந்து வயது இருக்கும். நான் நின்றுகொண்டே விண்ணப்பத்தை நீட்டினேன். அதில் என் பெயரைப் பார்த்தார்.

"உக்காருங்க பான்சொக் ஐயா. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

என்னை இதுவரை யாரும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதில்லை. சோறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. டீச்சர் வேறெதுவும் கேட்காமல், மேஜைக்குள்ளிருந்து வேகவைத்த ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்து உரித்துப் பாதியை என் முன்னால் வைத்தார்.

"என் மதியச் சாப்பாடு. முழுசும் தர மாட்டேன், எனக்கும் பசிக்குது."

பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரங்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேள்விகள். நான் வழக்கம்போல் விரலை வைத்து, உதட்டை அசைத்து, வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு போனேன். தூக்கம் வரவில்லையா. எதிலும் விருப்பம் இல்லையா. கடைசியில், உயிரோடு இருப்பதைவிட இல்லாமல் போவதே நல்லது என்று தோன்றியதா. அந்த வரியில் என் முணுமுணுப்பு நின்றுவிட்டது. விரலும் நின்றது. தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று பார்த்தேன். அதற்கு அடுத்து வரி இல்லை.

"அங்க நின்னுட்டீங்க," என்றார் டீச்சர், மெதுவாக.

"ஆமா."

"அப்படித் தோணுச்சா?"

"ஆமா, டீச்சர்." அது என் குரல் மாதிரியே இல்லை. "யார்கிட்டயும் சொல்லலை."

"இப்ப சொல்லிட்டீங்க. நன்றி."

நன்றியா என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் உண்மையாகவே சொன்னார். அப்புறம் எல்லாம் வந்துவிட்டது. கார்டு, தோள், கடன் கம்பெனி, சூப்புக் கடை. அழுதேன் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

"பிள்ளைங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? நான் மூத்தவன். கை நீட்டவா முடியும்?"

"என்கிட்ட நீட்டிட்டீங்களே. நான் உங்களைவிட எவ்வளவு சின்னவ."

"நீங்க டீச்சர்."

"நல்லா மடக்குறீங்க," என்று சிரித்தார். பிறகு விண்ணப்பத்தை எடுத்து மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். "முத்திரை இன்னிக்கு இல்லை. வியாழக்கிழமை வாங்க. இப்ப என்கூட டாக்டரைப் பார்க்க வாங்க. நான் உங்களைத் தனியா அனுப்பப் போறதில்லை."

வியாழக்கிழமை முத்திரைக்காகப் போனேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். "என்னை ஏமாத்துறீங்க டீச்சர்" என்றேன். "ஆமா, நல்லாவே ஏமாத்துறேன். மாத்திரை போட்டீங்களா?" என்றார். மாத்திரை முதலில் வாயை உலர்த்தியதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் ஒரு காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைய ஆரம்பித்த பிறகுதான், நானே எழுந்து வந்திருக்கிறேன் என்பது தெரிந்தது.

கடன் சீரமைப்பு அலுவலகத்துக்கும் அவர்தான் நேரம் வாங்கிக் கொடுத்தார். இப்படி ஒரு இடம் இருப்பதும், அங்கே உட்கார்ந்து கேட்க காசு வேண்டாம் என்பதும் எனக்குத் தெரியாது. அங்கிருந்த அதிகாரி என் கார்டுச் செலவை வரி வரியாகப் பார்த்தார். சூப்புச் சோறு. சூப்புச் சோறு. பொரித்த கோழி. சூப்புச் சோறு.

"ஐயா, ஹோட்டல் எதுவும் நடத்துறீங்களா?"

"காலேஜ்ல படிக்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சூதாட்டம், குடி, பங்குச் சந்தைன்னு வருவாங்க. முளைப்பயறுல முழுகினவரை இப்பதான் பார்க்கிறேன்." பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். வட்டியைக் குறைக்கக் கேட்டு, மிச்சத்தை வருடக்கணக்கில் சிறிது சிறிதாகக் கட்டும்படி எழுதினார். மனு போட்டாயிற்று என்பதால் இனி கம்பெனிக்காரர்கள் போன் போட்டு மிரட்டக்கூடாது என்றார். அன்று முழுதும் போன் அடிக்கவே இல்லை. அந்த அமைதி எனக்குப் பழக இன்னும் சில நாள் பிடித்தது.

ஆனால் அந்த அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். "மாசாமாசம் தவணை தவறக்கூடாது. அதுக்கு இந்தச் சாப்பாடு நிக்கணும்."

அதை மேங் டீச்சரிடம் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "அப்போ பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க. 'என்கிட்ட காசு இல்லை.' அவ்வளவுதான்."

"அதுக்குப் பதிலா நாலு மாடிக்குக் கம்பி தூக்கச் சொல்லுங்க."

"உங்க தோள்தான் தூக்காதே."

வகுப்புக்குத் திரும்பிப் போன நாள். நான் உள்ளே நுழைந்ததும் ஊசொக் எழுந்து நின்று குனிந்து, "வாங்க பேராசிரியரே" என்றான். நாரே எதுவும் சொல்லாமல் தன் பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்தாள். அத்தனை நாளும் அந்த இடத்தில் பையை வைத்துக் காத்துவந்திருக்கிறாள். மதியம் எல்லோரும் கடைக்குக் கிளம்பினார்கள். நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போகாவிட்டால், மறுபடி அந்த அறைக்குத்தான் போவேன் என்று தெரிந்தது.

நாங்கள் சித்தி என்று கூப்பிடும் கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டார். "எங்கய்யா போனீங்க? எலும்பா வந்திருக்கீங்க. நீங்க இல்லாம இந்தப் பசங்க பாதி நாள் நூடுல்ஸ்தான் தின்னுச்சுங்க."

சூப்பு கொதித்துக்கொண்டே வந்தது. முட்டையை உடைத்து ஊற்றினேன். ஆவி அடங்கும்வரை காத்திருந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

"பிள்ளைங்களா. என்கிட்ட காசு இல்லை."

கிம்ச்சி ஊறுகாயை மென்றுகொண்டிருந்த ஊசொக் அப்படியே நிறுத்திவிட்டான்.

"இன்னிக்கு மட்டும் இல்லை. ரொம்ப நாளாவே இல்லை. கடன்ல விழுந்துட்டேன். மனசும் நோயாப் போச்சு. மருந்து சாப்பிடுறேன். அதனாலதான் வரலை." கொஞ்சம் நிறுத்தினேன். "உங்களுக்கு வாங்கித் தர்றது எனக்குப் பிடிச்சிருந்தது. அதையும் சொல்லிடறேன்."

நாரேயின் கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. "நாங்க என்ன பிச்சைக்காரங்களா பெரியண்ணே? எங்ககிட்ட காசு இருந்துச்சு. எத்தனை நாள் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன் தெரியுமா? நீட்டினா உங்களை அவமானப்படுத்துற மாதிரி ஆயிடுமோன்னு பயம். நீங்க எழுந்து போறதுக்குள்ள எங்களுக்குத் தைரியம் வராது."

"தினமும் சாப்பிட்டீங்களான்னு கேட்டியே..."

"தினமும் பொய் சொன்னீங்க."

"சொன்னேன்."

"இனிமே சொல்லாதீங்க."

"சரி," என்றேன்.

ஊசொக் கிம்ச்சியை விழுங்கிவிட்டுத் தொண்டையைச் செருமினான். "சரி, கேட்டுக்கங்க. இனிமே கல், கத்தரிக்கோல், காகிதம் ஆடுவோம். தோக்குறவன் பில்லு. பெரியண்ணன் இந்த ஆட்டத்துலயே கிடையாது."

"ஏன்டா, நான் மட்டும் ஓசியா?"

"நீங்கதான் ரெண்டு வருஷ அட்வான்ஸ் கட்டிட்டீங்களே."

கடைக்காரச் சித்தியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆட்டத்தில் ஊசொக்கே தோற்றான். தன் யோசனையால் தானே மாட்டிக்கொண்டான் என்று எல்லோரும் அவனை ஓட்டினார்கள். அவன் பணப்பையைத் தேடிப் பையைக் கிளறிக்கொண்டிருந்தான். நான் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நாரே என் கையைத் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

நான் கையை எடுத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். என் பூட்ஸில் லேஸ் கோக்கும் கண்கள் நிறைய. எல்லாவற்றிலும் லேஸை உருவி, திரும்ப ஒவ்வொன்றாகக் கோத்தேன். உள்ளே கல்லாவில் ஊசொக் காசு எண்ணிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. இன்னும் எண்ணட்டும் என்று இடது பூட்ஸையும் அவிழ்த்தேன்.

ஊசொக் வெளியே வந்து என் முன்னால் நின்றான். "பெரியண்ணே, காலமெல்லாம் கம்பி கட்டுன கை. இந்த லேஸுக்கா இவ்வளவு நேரம்?"

"இந்த வேலை எனக்குப் புதுசுடா," என்றேன். "கத்துக்கிட்டு இருக்கேன். அவசரப்படுத்தாதே."