முப்பத்திரண்டாவது கல்யாணத்துச் சர்க்கரை

லெம்பி அந்த அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்த விதத்திலேயே ஹில்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அக்கா ஏதோ முடிவு பண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று. கூட்டுறவுக் கடையில் விற்கிற சர்க்கரைக் கட்டிகள். வெள்ளை வெளேரென்று, சதுரம் சதுரமாக.

“சனிக்கிழமைக்கு இது போதும்டி,” என்றாள் லெம்பி, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல். “அச்சு, சாயம்னு எதையாவது எடுத்து வெச்சுட்டு உக்காராதே.”

அச்சுகள் ஏற்கெனவே மேசைமேல்தான் இருந்தன. இதயம், மணி, இலை. பத்து கிலோ சர்க்கரை மூட்டையும் பக்கத்தில் நின்றது.

“என் கல்யாணத்துக்கு நான் சர்க்கரை பண்ணக்கூடாதா?”

“உனக்கு நாப்பத்தாறு வயசாகுது ஹில்மா. ரோஸ் கலர்ல இதயமெல்லாம் சின்னப் பொண்ணுங்களுக்கு. பாக்கறவங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க.”

பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊரான எங்கள் ஹான்காக்கில் கல்யாணம் என்றால் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் காபி. காபி என்றால் ஹில்மாவின் சர்க்கரை. இருபது வருஷத்தில் முப்பத்தொரு கல்யாணங்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறாள். லெம்பியின் மகளுக்கு மஞ்சள் மணிகள் முந்நூறு. அப்போது ஹில்மாவுக்கு மணிக்கட்டு சுளுக்கிக் கட்டுப் போட்டிருந்தது. முப்பத்திரண்டாவது கல்யாணம் அவளுடையது. அதற்குப் பெட்டிச் சர்க்கரை!

“சிரிக்கறவங்க சிரிக்கட்டும். கூடம் நிறைய நூத்தி நாப்பது பேரும் சிரிக்கட்டும்.”

லெம்பி கையுறையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். “கூடம் இல்ல. போதகர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். நம்ம வீட்டு முன்னறையில எட்டுப் பேரு, ஒரு கேக், முடிஞ்சுது.”

“யாரக் கேட்டு சொன்னே?”

“உன் ரெய்னோதான் கேட்டுக்கிட்டாரு. ‘இந்த வயசுல ஊரக் கூட்டி வேடிக்கை காட்ட வேணாம், லெம்பி’ன்னாரு. உன்கிட்ட நேர்ல சொல்ல அவருக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு போல.”

திங்கட்கிழமை ஏரிப் பக்கமிருந்து வந்த பனி மூன்று நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ரெய்னோ பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். ராத்திரி பகல் இல்லாமல் சாலையில் இருந்தார். ஒரு போன்கூட இல்லை. வேலை மும்முரம் என்று நினைத்திருந்தாள். முகத்தைப் பார்த்துப் பேச வெட்கம் என்று நினைக்கவில்லை.

“சரி, எனக்குத் தையல் கூட்டத்துக்கு நேரமாச்சு,” என்று லெம்பி கிளம்பினாள். வாசலில் திரும்பி, “மனசுல வெச்சுக்காதே. உன் நல்லதுக்குத்தான்,” என்றாள்.

கதவு சாத்தியதும் ஹில்மா அந்தப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். ஒரு கட்டிகூட உடையவில்லை. அது வேறு எரிச்சலைக் கிளப்பியது.

பிறகு மூட்டையைப் பிரித்துச் சர்க்கரையை வாணலியளவு பெரிய கிண்ணத்தில் கொட்டினாள். கை தன்பாட்டுக்கு வேலையை அறிந்திருந்தது. இரண்டு கோப்பைச் சர்க்கரைக்கு மூன்று சின்னக் கரண்டித் தண்ணீர், ஈரமணல் பதம், உள்ளங்கையில் பிடித்தால் பிடித்தபடி நிற்கவேண்டும். சாயம் இரண்டே சொட்டு. அதற்குமேல் அவள் என்றைக்கும் விட்டதில்லை. எங்கள் ஆட்கள் சர்க்கரையைக் காபியில் போட்டுக் கலக்குகிறவர்கள் இல்லை. முன்பற்களுக்கு நடுவே கட்டியைக் கவ்விக்கொண்டு, காபியை அதன் வழியாக உறிஞ்சுவார்கள். சாயம் கூடினால் பல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் ஹில்மாவின் சர்க்கரை எப்போதும் விடியற்கால வானம் மாதிரி ஒரு வெளிறிய நிறத்தில் இருக்கும்.

இன்றைக்குத் தண்ணீரே விடவில்லை. சிவப்புச் சாயக் குப்பியின் மூடியைத் திருகி எறிந்துவிட்டு, முழுவதையும் கவிழ்த்தாள். போதவில்லை. இன்னொரு குப்பி. கிண்ணம் வெட்டுக்காயம் மாதிரி ஆனது.

“வேடிக்கையாம்!” என்று சொல்லி ஒரு இதயத்தை அச்சில் அழுத்தினாள். “இந்த வயசுலயாம்!” இன்னொன்று. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திய அழுத்தலில் அச்சே முனகியது. தட்டில் தட்டிக் கவிழ்த்து, ரொட்டி சுடும் அடுப்பை ஆகக்குறைந்த சூட்டில் வைத்து உள்ளே தள்ளினாள். காயும்வரை உட்காரவும் முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். கேட்க வேண்டிய கேள்வியை மனசுக்குள் கேட்டுக் கேட்டுக் கூராக்கினாள். வெட்கம் என்று அவர் சொன்னால் கல்யாணம் இல்லை. அவ்வளவுதான். இத்தனை வருஷம் தனியாக இருக்கத் தெரிந்தவளுக்கு இனிமேலும் தெரியும்.

மத்தியானம் அந்த உக்கிரச் சிவப்பு இதயங்களைத் தகரத்தட்டோடு துண்டில் சுற்றிக்கொண்டு, முழங்கால் பனியில் நடந்து வண்டிக் கொட்டகைக்குப் போனாள்.

ரெய்னோ மூன்று நாள் தாடியோடு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்து அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

தட்டை அவர் முன்னால் ‘டங்’கென்று வைத்தாள். “என்னைக் கட்டிக்கறது உங்களுக்கு அவ்வளவு வெக்கமா இருக்கா, ரெய்னோ?”

ரெய்னோ எதற்கும் ஒரு வாய் காபி குடிக்காமல் பதில் சொல்ல மாட்டார். ஊருக்கே தெரியும். கை பழக்கத்தில் ஒரு இதயத்தை எடுத்தது, பல்லுக்கு நடுவே வைத்தது, கோப்பையைத் தூக்கியது. சர்க்கரை பல்லில் இருக்கும்போது எங்கள் ஆட்கள் பேசுவதும் இல்லை. பேசினால் விழுந்துவிடும்.

ஆத்திரத்தில் அழுத்திய சர்க்கரை கல்லாக இறுகியிருந்தது. கரைய மறுத்தது.

“சொல்லுங்க! என் மூஞ்சியப் பாத்து சொல்றதுக்கு என்ன? எங்கக்கா கிட்ட சொல்ல வாய் வந்துச்சுல்ல?”

அவர் கண்ணை அகலமாக விரித்து, ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பொறு என்று.

“விரலக் காட்டாதீங்க! ஊரக் கூட்டி வேடிக்கை காட்ட வேணாம்னு சொன்னீங்களா இல்லையா? நான் என்ன, ஒளிச்சு வெச்சு விக்கற சரக்கா? முன்னறையில எட்டுப் பேருக்கு முன்னால… துப்புங்களேன் அத!”

அவர் துப்பவில்லை. சர்க்கரையைத் துப்புவது அவர் வளர்ந்த வீட்டில் இல்லாத வழக்கம். மீதிக் காபியையும் மடமடவென்று உறிஞ்சி, கடைசித் துண்டை நறுக்கென்று கடித்து விழுங்கினார்.

“நான் எப்பங்க சொன்னேன்?” என்றார். வாய் திறந்தபோது பல், ஈறு, உதடு எல்லாம் இரத்தச் சிவப்பு. “நீங்க சொன்னதாத்தானே லெம்பி போன் பண்ணாங்க?”

“நானா?”

“ஹில்மாவுக்குக் கூச்சமா இருக்கு, கூட்டம் வேணாம்கறா, உங்ககிட்ட சொல்லத் தயங்கறான்னாங்க. சரின்னேன். உங்களுக்கு எது புடிக்குமோ அதுன்னேன்.” அவர் கோப்பையை உருட்டிக்கொண்டே தரையைப் பார்த்தார். “மூணு நாளா வண்டியில ஒக்காந்து அதே நெனப்பு. நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் இருந்து, ஒருத்தியக் கட்டறேன். அத எட்டுப் பேருக்கு முன்னாலயான்னு. உங்களுக்குத்தான் என்னோட நிக்க வெக்கமோன்னு.”

கொட்டகையில் கூரைப் பனி சரிந்து விழுந்தது. ஹில்மாவுக்கு ஒரு நிமிஷம் அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. மறுநிமிஷம் அக்காவின் மேல்கோட்டும், கையுறையும், ‘உன் நல்லதுக்குத்தான்’ என்ற குரலும் நினைவுக்கு வந்தன. இரண்டு பேரிடமும் இரண்டு பொய்.

“உங்களக் கட்டிக்க எனக்கு வெக்கம்னு யாராவது சொன்னா, நம்பிடுவீங்களா?”

“உங்களக் கட்டிக்க எனக்கு வெக்கம்னு சொன்னதும் நீங்க நம்பினீங்களே.”

அது உண்மை என்பதே அவளுக்குக் கோபமாக வந்தது. “பேச்சுக்குப் பேச்சு பேசாதீங்க. நூத்தி நாப்பது பேரையும் எப்படிக் கூப்பிடறது? இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு.”

ரெய்னோ எழுந்து தொப்பியை மாட்டினார். “சாயங்காலத்துக்குள்ள எல்லா ரோட்டுலயும் பனி தள்ளணும். எப்படியும் எல்லார் வாசலுக்கும் போறேன். நின்னு சொல்லிட்டுப் போறேன்.”

“அந்தப் பல்லோடவா?”

“என் பல்லுக்கு என்ன?” என்றார் அவர்.

அவள் சொல்லவில்லை. தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் காலையிலிருந்து நடந்த தையல் கூட்டம் மத்தியானக் காபி வேளைக்கு நின்றிருந்தது. பன்னிரண்டு பெண்கள் நீள மேசையில் வரிசையாக உட்கார்ந்திருக்க, லெம்பி பெரிய காபிக் கெண்டியோடு ஒவ்வொரு கோப்பையாக நிரப்பிக்கொண்டு வந்தாள். கல்யாணமோ சாவோ, கெண்டி லெம்பி கையில்தான். காபி ஊற்றுகிறவள்தான் அந்த விசேஷத்தின் பெரிய மனுஷி.

ஹில்மா தட்டை மேசை நடுவில் வைத்தாள். “எடுத்துக்கங்க. என் கல்யாணத்துச் சர்க்கரை.”

“அடியம்மா, இது என்ன நிறம்!” என்றாள் எண்பது வயசு செல்மா. ஆனால் கை நீட்டினாள். எல்லாரும் நீட்டினார்கள். ஹில்மாவின் சர்க்கரையை வேண்டாம் என்றவர்கள் அந்த ஊரில் கிடையாது. பன்னிரண்டு இதயங்கள் பன்னிரண்டு பல்வரிசையில் கவ்வப்பட்டன. கூடம் அமைதியாயிற்று. காபி உறிஞ்சும் சத்தம் மட்டும்.

இப்படி ஒரு அமைதி அந்தக் கூட்டத்தில் வேறெப்படியும் கிடைக்காது. ஹில்மா அதை வீணாக்கவில்லை.

“சனிக்கிழமை மூணு மணிக்கு எனக்கும் ரெய்னோவுக்கும் கல்யாணம். இந்தக் கூடத்துலதான் காபி. வேணாம்னு யார் சொல்லியிருந்தாலும் அது பொய். எங்கக்கா, எனக்குக் கூச்சம்னு அவர்கிட்ட சொல்லியிருக்கா. அவருக்கு வெக்கம்னு என்கிட்ட சொல்லியிருக்கா. கல்யாணமே நின்னு போயிருக்கும். நிறுத்தத்தான் போனேன்.”

பன்னிரண்டு ஜோடிக் கண்கள் லெம்பியின் பக்கம் திரும்பின. ஒருத்தியாலும் வாய் திறக்க முடியவில்லை. லெம்பியின் வாயில் மட்டும்தான் சர்க்கரை இல்லை.

கெண்டியின் மூடி கடகடவென்று ஆடியது. “என் கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?” என்றாள் லெம்பி. “யுத்த காலம். ரேஷன் சர்க்கரை. கோர்ட்டுல பத்து நிமிஷம், அவர் கப்பலேறப் போயிட்டாரு. ஒருத்தர் ஒரு கப் காபி குடுக்கல எனக்கு. இருபது வருஷமா ஒவ்வொரு கல்யாணத்துலயும் இந்தக் கெண்டியத் தூக்கிக்கிட்டு, உன் சர்க்கரைய ஊரே புகழறதக் கேட்டுக்கிட்டு நிக்கறேன். நாப்பத்தாறு வயசுல உனக்குக் கூடம், நூத்தி நாப்பது பேரு. என்னால… என்னால பாக்க முடியல, போதுமா?”

ஹில்மாவின் கண் எரிந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை.

“அந்தக் கோர்ட்டு வாசல்ல உன் பக்கத்துல நின்னு அழுதது யாரு? நான். அதுக்காகத்தான் உன் மகளுக்குச் சுளுக்கின கையோட முந்நூறு மணி பண்ணேன். உன் கல்யாணத்தக் கெடுத்தது யுத்தம், லெம்பி. என் கல்யாணத்தக் கெடுக்கப் பாத்தது என் கூடப் பொறந்தவ.”



முதலில் சர்க்கரை கரைந்தது செல்மாவுக்குத்தான். “கூடத்துச் சாவி உன்கிட்டதானே லெம்பி? இங்க வை,” என்றாள். அவள் வாயைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் ‘ஐயோ’ என்று அலறினாள். அவள் வாயைப் பார்த்து எதிரில் இருந்தவள். ஆட்டை அடித்துத் தின்ற ஓநாய்க் கூட்டம்போல் பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். மேசையே குலுங்கியது.

ஹில்மா சிரிக்கவில்லை. லெம்பியும் சிரிக்கவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கெண்டியைக் கையிலேயே பிடித்தபடி நின்றாள்.

“சனிக்கிழமை யார் ஊத்தறது?” என்று மெல்லக் கேட்டாள்.

“செல்மா.”

லெம்பியின் முகம் வெளுத்தது. “செல்மாவுக்குக் கை நடுங்கும்.”

“நடுங்கட்டும்.” ஹில்மா அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கெண்டியை வாங்கினாள். “நீ முதல் மேசையில உக்காருவே. உனக்கு நான் ஊத்துவேன், கல்யாணப் பொண்ணு ஊத்துவா. ஒரு வாய் விடாம குடிக்கணும். அதுக்கப்புறமும் என் கோபம் போயிடும்னு நெனச்சுக்காதே.”

“நான் வரலைன்னா?”

“வராம இருந்து பாரு. ரெய்னோவ வண்டியோட உன் வாசலுக்கு அனுப்பறேன். பனியோட பனியா தள்ளிக்கிட்டு வருவாரு.”

லெம்பி கோட்டை எடுத்து மாட்டினாள். பொத்தானைத் தப்பான துளையில் போட்டு, கழற்றி, மறுபடியும் தப்பாகவே போட்டாள். ஹில்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் கோட்டை இழுத்து, ஒவ்வொரு பொத்தானாகச் சரியாகப் போட்டுவிட்டாள்.

“போ,” என்றாள். “வழுக்கும். பாத்துப் போ.”