தேன் பாட்டிலும் செவப்புத் தூளும்

என் புருஷன் எத்திராஜுக்கு மூளை இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

காட்டுப்பாக்கம் சிக்னலைத் தாண்டி எங்கள் சிக்கன் 65 வண்டி நிற்கிறது. கறியில் மசாலா பிசையும்போது இந்த மனுஷனுக்கு அளவெல்லாம் கிடையாது. தன் கை சிவக்கும்வரை கலர் பொடியைக் கொட்டுவார். "செவப்பா இல்லன்னா எவன் மாமே துன்னுவான்?" என்று வருகிறவர்களிடமே கேட்பார். எண்ணெய்ச் சட்டியில் மிஞ்சும் தூளை அரித்தெடுத்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்கள் மகள் கிருஷ்ணப்பிரியாவுக்குக் கொடுப்பார். மூன்று வருஷமாக அவளுக்கு அதுதான் சாயங்கால டிபன். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னையும் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன மாதம் பிள்ளைக்கு வாந்தி நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், கல்லீரல் சரியில்லை, ஏன் என்று இன்னும் பார்க்க வேண்டும், அதுவரை கலர் போட்ட எதையும் கண்ணில் காட்டாதீர்கள் என்றார்.

மறுநாளே எத்திராஜ் ஒரு தேன் பாட்டிலோடு வந்தார். இன்னொரு கையில் செல்போன்.

"இத்தப் பாரு புஷ்பா. எலிக்குக் கலரு குட்த்து, கூடவே தேனும் குட்த்துகீறானுங்கோ. ஈரலு அவ்ளோவா கெடல. டெய்லி ரெண்டு ஸ்பூன் ஊத்து, கொயந்த நல்லாயிடும்."

"அப்போ கலரு ஈரலக் கெடுக்கும்னு உனுக்கே தெரிஞ்சிபோச்சி?"

"அதுக்குத்தான தேனு வாங்கினு வந்துகீறேன்!"

"உம் பொண்ணு இன்னா எலியா? வண்டிக்கு வர்ற புள்ளைங்களுக்கு யாரு தேன் ஊத்துவா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று வேலை சீக்கிரம் முடிந்து வண்டிப் பக்கம் போனேன். ஸ்டூலில் கிருஷ்ணப்பிரியா. மடியில் பேப்பர் தட்டு, தட்டு நிறையத் தூள், உதடெல்லாம் சிவப்பு. பக்கத்தில் தேன் பாட்டில்.

"தேனு குட்த்துட்டுதான் குட்த்தேன். ஒண்ணியும் ஆவாது," என்றார் எத்திராஜ்.

ஒரு டம்ளரை எடுத்து, பாதி அளவுக்குத் தேனை ஊற்றினேன். கலர் டப்பாவைத் திறந்து மூன்று ஸ்பூன் போட்டுக் கலக்கினேன். கறிக்காகக் காத்திருந்த நாலைந்து பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். டம்ளரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"குடி."

"உனுக்கு இன்னா பைத்தியமா? இத்தப் போயி எவனாவது குடிப்பானா?"

"அதான் தேன் கீதுல்ல. ஒண்ணியும் ஆவாது. குடி!"

அவர் கை மேலே வரவேயில்லை. கிருஷ்ணப்பிரியா வாயிலிருந்ததைத் தட்டில் துப்பிவிட்டு, அப்பா குடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.