கீறல் விழும் ரகம்

என் மனைவி பிரேமகுமாரி போன வருடக் கார்த்திகையிலிருந்து தண்ணீருக்குள் இருக்கிறாள். முதலில் குளியலறை நீல டிரம்மில் இருந்தாள். டிரம் அவளுக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை. மேலேயிருந்து பார்த்தால் அவளுடைய வகிடு மட்டும்தான் தெரிந்தது. வகிட்டைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் குடும்பம் நடத்துவது?

"கொளத்தூர் போய் ஒரு தொட்டி பாத்துட்டு வாங்க," என்றாள். "மீன் வளர்க்கறாங்களே, அந்த மாதிரி. காலை நீட்டற அளவுக்கு."

"கண்ணாடியா, அக்ரிலிக்கா?"

"எது நாள்பட உழைக்குமோ அது."

இருபத்திரண்டு வருடங்களாக எதை வாங்கப் போனாலும் அவளிடமிருந்து இதே பதில்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

படிக்கட்டில் கீழ்வீட்டு ஜெபராஜ் இளைப்பாறிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டின் பாரத்தைத் தாங்குவதற்காகப் பதினைந்து நாட்களாகத் தன் ஹாலில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறவர் அவர். இளைப்பாறும்போதும் கைகளை இறக்கவில்லை.

"கண்ணாடி மட்டும் வேணாம் சார். கண்ணாடின்னா வெயிட்டு. என்னால முடியாது."

"தண்ணியே ஒன்றரை டன் வருமே சார்."

"தண்ணி பரவால்ல. உங்க வீட்டுத் தண்ணி எங்களுக்குப் பழகிடுச்சு."

அவர் சட்டைப் பையிலிருந்த டாக்டர் சான்றிதழை நானே எடுத்துப் படித்தேன். நோயாளி ஒரு மாடியைத் தாங்கலாம், கண்ணாடியைத் தவிர்க்கவும் என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. மடித்துத் திரும்ப வைத்தேன்.

கடையில் தணிகாசலம் என்கிறவர் இருந்தார். இடப்பக்கம் கண்ணாடித் தொட்டிகள். வலப்பக்கம் அக்ரிலிக். நடுவில் நடை. நான் ஒவ்வொரு கேள்வி கேட்டபோதும் நடை பத்தடி நீண்டது. அதனால் கேள்விகளைக் குறைத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு படிவம் கொடுத்தார். உள்ளே இருப்பவர் பெயர். வெளியே இருப்பவர் பெயர். வெளியே இருப்பதற்கான காரணம்.

மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அவள் கூப்பிடவில்லை என்று எழுதினேன். தணிகாசலம் அதைப் படித்துவிட்டு, "எல்லாரும் இதத்தான் எழுதறாங்க," என்றார்.

"கண்ணாடின்னா கீறல் விழாது சார். பத்து வருஷம் கை வெச்சாலும் ஒரு துணிய எடுத்துத் தொடச்சா போயிடும். கை வெச்ச மாதிரியே இருக்காது."

"அக்ரிலிக்?"

"லேசு. பளிச்சுனு தெரியும். ஆனா நகம் பட்டாலே கோடு விழும். தொட்டா தொட்டதுதான். அப்படியே நிக்கும்."

"எந்தப் பக்கம் தொட்டா?"

அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு பக்கமுந்தான் சார்."

அவர் அதைக் குறையாகத்தான் சொன்னார். எனக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தொட்டதற்கு அடையாளம் நிற்கும் ஒரு பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் தொடுவேன். அவளும் தொடுவாள். இரண்டும் அங்கே நிற்கும். இதற்கு மேல் என்ன வேண்டும்? அக்ரிலிக் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாசலுக்குத் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

தொட்டி எட்டடி நீளம். அதை வைத்ததும் எங்கள் ஹால் இடம் கொடுத்து நீண்டது. சமையலறை அந்த அளவுக்குத் தள்ளிப் போனது. அதன்பிறகு நான் காபி போட்டு எடுத்து வருவதற்குள் அது ஆறிவிடும். பிரேமா டிரம்மிலிருந்து தொட்டிக்கு மாறினாள். காலை நீட்டிப் பார்த்தாள். திருப்தியாகத் தலையசைத்தாள். தணிகாசலம் மூடியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"வருஷத்துக்கு ஒரு சர்வீஸ். அப்பத்தான் தொறப்போம்."

"அதுவரைக்கும் பேசறது?"

"அதான் கை இருக்கே சார்."

தினமும் அலுவலகம் போகுமுன் தொட்டியின் மேல் கை வைத்தேன். திரும்பி வந்தும் வைத்தேன். உள்ளே அவள் தலை வாரினாள், தூங்கினாள், சில சமயம் என் பக்கம் பார்த்தாள். கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தாள். தண்ணீர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கீழே ஜெபராஜ் தும்மினால் தண்ணீர் ஆடும், அவளும் ஆடுவாள். மற்றபடி வீட்டில் சத்தமே இல்லை.

மெல்லிய கோடுகள் விழத் தொடங்கின. விரல் கோடுகள், நகக் கோடுகள். தணிகாசலம் பொய் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூதக்கண்ணாடி வைத்து அவற்றைப் பார்த்தேன். எது என் பக்கம், எது அவள் பக்கம் என்று வெளியிலிருந்து பிரிக்க முடியவில்லை. பாதி அவளுடையது என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டுதான் அந்த வருடத்தை ஓட்டினேன்.

வருடம் முடிந்த அன்று காலை பதினோரு மணிக்குத் தணிகாசலம் வந்தார். ஏணி போட்டு ஏறினார். மூடியைத் திறந்து கையை விட்டு உள்பக்கத்தைத் தடவினார்.

"உள்பக்கம் அப்படியே புதுசா இருக்கு சார்."

"ஒரு கோடுகூடவா இல்ல?"

"எப்படி இருக்கும்? கவரையே உரிக்கலையே."

எங்கள் வீட்டு வழக்கம் அது. ஃபிரிட்ஜ் வாங்கிப் பதினோரு வருடங்கள் ஆகின்றன. கதவில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் இன்னும் இருக்கிறது. டிவி ரிமோட் உறைக்குள் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். கவரை உரித்துவிட்டால் பொருள் பழசாகிவிடும் என்பது பிரேமாவின் கட்சி.

தணிகாசலம் கவரை உள்ளேயிருந்து ஒரே தாளாக உரித்துக் கொடுத்தார். நான் அதைப் பால்கனிக்குக் கொண்டுபோனேன். பால்கனி அன்று தூரத்தில் இருந்தது. வெயிலில் விரித்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தேன். ஒரு நகம்கூடப் படவில்லை. மறுபடி திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

நான் திரும்பி வந்தபோது பிரேமா தலையை வெளியே நீட்டியிருந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன்.

"ஐயோ, என்னங்க இது, இத்தனை கீறல்?"

"என் கை."

"புதுத் தொட்டிய இப்படியா பண்ணி வெப்பீங்க? நீங்க ஆசையா வாங்கிக் குடுத்ததுன்னு நான் ஒரு விரல்கூட வெக்காம பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்."

நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். தணிகாசலம் பாலிஷ் மெஷினைப் போட்டுவிட்டார்.

இருபது நிமிடங்களில் என் ஒரு வருடம் வெள்ளைப் பொடியாகத் தரையில் விழுந்தது. அவர் அதை முறத்தில் அள்ளிக்கொண்டார். அதன் பிறகு அவள் முகம் மங்கல் இல்லாமல் தெரிந்தது. காதோரம் நரைத்திருந்தது. மூக்குத்தியை மாற்றியிருந்தாள். எப்போது மாற்றினாள் என்று தெரியவில்லை. கேட்கலாம் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பாலிஷைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, வெளிப்பக்கம் ஒரு கவர் ஒட்டிருங்க," என்றாள். "இவர் கை சும்மா இருக்காது."

தணிகாசலம் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். பசை தடவி, குமிழ் இல்லாமல் நீவி ஒட்டினார். அவள் மறுபடி மங்கலானாள். உள்ளே மூழ்கிக் காலை நீட்டிக்கொண்டாள். அவர் மூடியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டார்.

"காயற வரைக்கும் தொடாதீங்க சார்."

"எப்ப காயும்?"

அவர் தொட்டியைப் பார்த்தார்.

"உள்ள தண்ணி இருக்கற வரைக்கும் காயாது சார்."

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.