கணக்கில் வராத ஆரஞ்சுகள்

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் எண்ணெய் அள்ளுகிற வேலை. கப்பலில் எண்ணெய் கசிந்தால் படகில் பாய்ந்து, மிதவை வேலியால் அதை வளைத்துப் பிடித்து, உறிஞ்சிக் கரைசேர்க்க வேண்டும். கசிவு என்னவோ அபூர்வம்தான், பரிட்சைதான் ஓயாது. பரிட்சைக்காக நிஜ எண்ணெயைக் கடலில் ஊற்ற முடியுமா? அதனால் ஆரஞ்சுப் பழங்களைக் கொட்டுவார்கள். எண்ணெயைப் போலவே மிதந்து நீரோட்டத்தோடு போகும், மீனும் சாகாது.

போன இரண்டு பரிட்சையிலும் இவர் குழு கோட்டை விட்டது. ஒருமுறை வேலி முறுக்கிக்கொண்டது, மறுமுறை படகு கிளம்பவே இல்லை. இந்தத் தடவையும் மண்ணைக் கவ்வினால் குழுவையே கலைத்துவிட்டு வெளியாட்களைக் கொண்டுவருவோம் என்று மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் மனுஷனுக்குக் கரண்டிதான் படகு, என் தம்ளர்தான் கப்பல். தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை.

அதே குழுவில் என் தம்பியும் இருக்கிறான். தங்கமான பையன், ஆனால் சரியான முந்திரிக்கொட்டை.

நான் கட்டுப்பாட்டு அறையில் ரேடியோ பார்ப்பவள். கூத்து முழுக்க என் ஜன்னலில் தெரிந்தது. பரிசோதிக்க வந்த அதிகாரி அம்மா கையசைத்ததும் கப்பலோரம் பழங்கள் கொட்டின. இரண்டு படகுகளும் சீறின. வேலி இம்முறை சமர்த்தாக விரிந்தது. திடீரென்று நீரோட்டம் மாறி, பழங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கின. வேலிக்கு வெளியே நழுவப் பார்த்தன.

இவர் அசரவில்லை. "இழுக்காத. கொஞ்சம் விட்டுப் பிடி" என்று ரேடியோவில் நிதானமாகச் சொன்னார். இந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. வேலி மெல்லத் திரும்பிப் பழங்களை மடக்கியது. அதே நேரம் பின்படகில் என் தம்பி குனிந்து எதையோ தண்ணீரில் சாய்த்தான்.

ரேடியோவை அறையில் கூட இருந்தவளிடம் கொடுத்துவிட்டுப் படகுத்துறைக்கு ஓடினேன். அள்ளிவந்த பழங்களைத் தார்ப்பாயில் கொட்டியிருந்தார்கள். குழுவே வாயெல்லாம் பல்லாக நின்றது. அதிகாரி அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நான் கொட்டினதுல எல்லாத்துலயும் நீல மையால ஒரு புள்ளி வச்சிருந்தேன். இதுல பாதிப் பழத்துக்குப் புள்ளியே இல்லையே. கடல்ல காய்ச்சுதா?"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. பல்லெல்லாம் உள்ளே போயின. கடைசியில் தம்பி கையைத் தூக்கினான்.

"நான்தான் மேடம். மாமாவுக்கு எதுவும் தெரியாது. பழமெல்லாம் வெளிய போயிடும்னு பயந்துட்டேன். ஒரு மூட்டை கைவசம் இருந்துச்சு, உள்ள தட்டிட்டேன்."

"கைவசமா? அப்போ காலையிலயே வாங்கி வச்சுட்டியா?" என்றார் இவர். "நான் தோத்துடுவேன்னு முடிவே பண்ணிட்டியா?"

தம்பியை அங்கேயே கடலில் தள்ளிவிடலாம் போலிருந்தது எனக்கு. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, இவர் திட்டவே இல்லை.

அதிகாரி அம்மா புள்ளி வைத்த பழங்களைத் தனியே எண்ணினார். இரண்டைத் தவிர எல்லாம் வந்து சேர்ந்திருந்தன.

"பாஸ்" என்றார். "தம்பி ஒரு பழம்கூடப் போட்டிருக்க வேண்டாம்."

இவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். காற்று என்று பிற்பாடு சாதித்தார்.

"இருங்க, கப்பல் கசிவுதான் முடிஞ்சுது" என்று அந்தம்மா தம்பியைப் பார்த்தார். "இது உங்க கசிவு. கடல்ல யார் கொட்டினாலும், கொட்டினவர்தான் சுத்தம் பண்ணணும். அந்த வேலி முழுக்க நீங்களே தேய்ச்சுக் கழுவுங்க."

சாயங்காலம் வரை தம்பி பிரஷ்ஷும் கையுமாகக் கிடந்தான். இவர் அவன் மூட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிப் பழத்தை எடுத்துக்கொண்டு, படகுத்துறை விளிம்பில் காலைத் தொங்கவிட்டபடி உரிக்க ஆரம்பித்தார். ஒரு துண்டுத் தோல் நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"மாமா, கசிவு!" என்று கத்தினான் தம்பி.

இவர் மறுபேச்சில்லாமல் குப்புறப் படுத்து, கையை நீட்டித் தோலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு பழத்தை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அவனிடம் நீட்டினார்.

"இந்தா, இதையாவது வாயில போடு."