மணிக்கு நாற்பது கிலோமீட்டர் காற்று

1983 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை. சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுக்குக் கீழே, நான்கு சிறு காபித் தோட்டங்களுக்குப் பொதுவான குட்டையில் ஏழு அடித் தண்ணீர் இருந்தது. கடைசி மழை டிசம்பர் ஒன்பதாம் தேதி பெய்தது.

அன்று மாலை ரேடியோவில் மாநிலச் செய்தி முடிந்து வானிலை வந்தபோது பொன்னுவேல் சத்தத்தைக் கூட்டினான். வட உள் மாவட்டங்களில் கோடை வெப்பம் முன்னதாகவே தொடங்கியிருக்கிறது. வியாழன் முதல் மூன்று நாட்களுக்குப் பகல் வெப்பநிலை இயல்பைவிட மூன்று டிகிரி உயரக்கூடும். மணிக்கு நாற்பது முதல் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று வீசக்கூடும். இவ்வளவுதான். அடுத்து நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

“காத்து எந்த ஊருக்குன்னு சொல்லலியே புள்ள. சேலத்துக்கா, நமக்கா?” என்றான்.

“ரேடியோக்காரருக்கு நம்ம தோட்டத்து சர்வே நம்பரு தெரியாதுங்க. தெரிஞ்சா சொல்லியிருப்பாரு,” என்றாள் அவன் மனைவி காளியாயி. புளி கரைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

ஊரில் அவனுக்கு ‘ஏன் பொன்னுவேலு’ என்று பெயர். பலா மரத்தில் ஒரு பக்கக் காய் மட்டும் ஏன் சீக்கிரம் பழுக்கிறது என்று ஒரு வருடம் முழுக்க மரத்தைச் சுற்றி வந்தவன். ஆனால் இந்த முறை அவன் கேட்டது வெறும் கேள்வி அல்ல. வெள்ளிக்கிழமை அவனுடைய முறை.

காபிச் செடி மாசியில் மொட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒரு நல்ல மழையோ, ஸ்பிரிங்ளரில் ஓர் அங்குலத் தண்ணீரோ விழுந்தால் ஒன்பதாம் நாள் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும். அரைகுறையாக நனைந்தால் மொட்டு பாதி விரிந்து, வெளிறிய இளஞ்சிவப்பில் அப்படியே நின்றுவிடும். அதில் காய் பிடிக்காது. நனையாத மொட்டாவது இன்னும் கொஞ்ச நாள் மழைக்குக் காத்திருக்கும். அரைகுறையாக நனைந்ததற்கு அந்த வருடம் அத்தோடு சரி.

நான்கு தோட்டத்துக்கும் டீசல் இன்ஜின் ஒன்றுதான். பொங்கல் கழிந்ததும் சீட்டுக் குலுக்கி முறை போடுவார்கள். இந்த வருடம் வியாழன் கிறிஸ்துதாஸுக்கு, வெள்ளி பொன்னுவேலுக்கு, சனி செல்லப்பனுக்கு, திங்கள் வெள்ளையனுக்கு. ஞாயிறு இன்ஜின் ஓடாது. இன்ஜினைப் பார்த்துக்கொள்பவர் கிறிஸ்துதாஸ். அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவார். முறை என்றால் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. தன் நாளை வேண்டாம் என்று சொன்னவர் கடைசிக்குப் போக வேண்டும். கடைசிக்குப் போனவருக்குக் குட்டையில் சேறுதான் மிஞ்சும். அந்த வருடம் அதுகூடச் சந்தேகம்.

பலத்த காற்றில் ஸ்பிரிங்ளரைத் திறந்தால் தண்ணீர் செடிக்குப் போகாது. அது பொன்னுவேலுக்குத் தெரியும். காற்று நாள் முழுக்க அடிக்குமா, நடுவில் ஓயுமா என்பது தெரியாது. ரேடியோ அதைச் சொல்லவில்லை.

புதன் காலை அவன் காளியாயியின் பழைய நைலக்ஸ் சேலையில் மூன்று துண்டு கிழித்தான். மூச்சு விட்டாலே ஆடும் துணி. தோட்டத்தின் மேல் பகுதியில் ஒரு சில்வர் ஓக் நிழல் மரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கீழ்ப் பகுதி தொடங்கும் இடத்தில் ஒன்று என்று கை எட்டும் உயரத்துக்கு மேல் கட்டினான்.

“பொண்டாட்டி சேலையக் கிழிச்சு மரத்துக்குக் கட்டற ஆம்பள இந்த மலையிலயே நீங்க ஒருத்தருதானுங்க,” என்றாள் காளியாயி. “முந்தானைய மட்டுமாச்சும் உட்டு வெய்யுங்க. தலகாணி தெக்கலாம்.”

துணியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒன்பது மணி பஸ்ஸில் அடிவாரத்துக்கு டிக்கெட் கேட்டான்.

“அடிவாரத்துல என்னங்க சோலி?” என்றார் கண்டக்டர்.

“காத்து அடிக்குதான்னு பாக்கோணும்.”

“சன்னலத் தொறந்தா பஸ்ஸுக்குள்ளாறயே அடிக்குமுங்களே. டிக்கெட்டு மிச்சம்,” என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அடிவாரத்தில் டீக்கடைக்கு எதிரே ஒரு புளியமரம். பொன்னுவேல் அதையே பார்த்துக்கொண்டு இரண்டு டீ குடித்தான். வெயில் தார் ரோட்டில் நெளிந்தது. பங்குனியில் வர வேண்டிய வெயில் என்று கடைக்காரர் சொன்னார். புளியமரத்தில் ஓர் இலை அசையவில்லை. பன்னிரண்டரைக்கு மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி சன்னல் ஓரம் உட்கார்ந்தான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வெளியே எட்டிப் பார்த்தான். ஒன்பதாவது வளைவு வரைக்கும் ஒன்றும் இல்லை. பதினொன்றாவதில் காய்ந்த புல் சாய்ந்து கிடந்தது. பதினான்கில் மரக்கிளைகள் ஆடின. புல் மலைப் பக்கமாகச் சாய்ந்திருந்ததை அவன் கவனித்தான். காற்று மேலிருந்து இறங்கவில்லை. கீழே சூடான மலைச் சரிவிலிருந்து அது மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அப்படியானால் சரிவு சூடாவதற்கு முன்னால் என்ன நடக்கிறது?

அந்தக் கேள்வியோடு அவன் வீட்டுக்கு வந்தபோது மேல் சில்வர் ஓக்கின் அடியில் குங்குமம் பூசியிருந்தது. கற்பூரம் எரிந்த கரி. தோட்டத்தின் கீழ்க் கோடியில், அவன் எதையும் கட்டாத ஒரு மரத்தில், மஞ்சள் துணி ஒன்று புதிதாகத் தொங்கியது.

“பாவாயி அத்த வந்து கும்புட்டுட்டுப் போனாங்க,” என்றாள் காளியாயி. பாவாயி செல்லப்பனின் மனைவி. “மழைக்கு நேந்துக்கிட்டிங்கன்னு நெனச்சு அவுங்களும் ஒண்ணு கட்டிட்டாங்க.”

“நீ சொல்லலியா?”

“என்னன்னு சொல்றதுங்க? எம் புருசன் காத்துக்குத் தொட்டில் கட்டறாருன்னா?”

வியாழன் விடியும் முன் அவன் தோட்டத்தில் நின்றான். கிழக்கு வெளுத்தபோது மேல் துணியும் நடுத் துணியும் செத்த பாம்பு போலத் தொங்கின. மூன்றாவதும் அப்படித்தான். கடிகாரத்தைப் பார்த்தான்: ஐந்தேமுக்கால். ஆனால் கீழ்க் கோடியில் பாவாயியின் மஞ்சள் துணி படபடத்தது. முதலில் அவன் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை; அது சாமிக்குக் கட்டியது. பிறகு மனம் கேட்காமல் இறங்கிப் போய் அதன் கீழ் நின்றான். இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த சந்திலிருந்து குளிர்ந்த காற்று வந்து முழங்கால் வரை வேட்டியைத் தூக்கி அடித்தது. கீழ்ப் பகுதி முழுக்க அந்தக் காற்று; அதைத் தாண்டி மேலே ஏறினால் ஒன்றும் இல்லை. திரும்ப இறங்கினான், மறுபடி ஏறினான். ஆறு தடவை இப்படிச் செய்தான்.

ஒன்பது மணி வரை மேல் துணி அசையவில்லை. ஒன்பதேகாலுக்கு நுனி ஆடியது. பத்தரைக்கு ரேடியோ சொன்ன காற்று வந்தது. சில்வர் ஓக் இலைகள் வெள்ளை அடிப்புறத்தைக் காட்டித் திரும்பின. அப்பால் கிறிஸ்துதாஸின் தோட்டத்தில் ஸ்பிரிங்ளர் தண்ணீர் செடிகளின் தலைக்கு மேலே போய் ரோட்டில் விழுந்தது. வெள்ளக்கடைப் பக்கமிருந்து ராஜ்தூத்தில் வந்த ஒருவர் நனைந்து, வண்டியை நிறுத்தி, மேகம் எங்கே என்று தேடினார்.

பகல் இரண்டு மணிக்கு கிறிஸ்துதாஸ் இன்ஜினை நிறுத்திவிட்டார்.

பொன்னுவேல் போனபோது அவர் இன்ஜின் கொட்டகையில் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். செல்லப்பனும் அங்கே இருந்தார்.

“சேலத்துல இருந்து நம்மூரு முப்பத்தஞ்சு கிலோமீட்டரு,” என்று செல்லப்பன் விளக்கிக்கொண்டிருந்தார். “காத்து மணிக்கு நாப்பது. அப்போ ஒரு மணி நேரத்துல நம்மளத் தாண்டிப் போயிருக்கோணுமில்ல? பஸ்ஸே ஒண்ணர மணியில வந்துருது. இது காலையில புடிச்சு இங்கயே நிக்குது.”

“பின்னாலயே அடுத்த காத்து வருதுல்ல,” என்றார் கிறிஸ்துதாஸ், சிரிக்காமல்.

பொன்னுவேல் வந்த விஷயத்தைச் சொன்னான். அவனுடைய தோட்டத்துக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் நாலு மணி நேரம் தண்ணீர் வேண்டும். மேலேயும் நடுவிலும் விடியற்காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை காற்று இல்லை; கீழே அப்போதும் இருக்கிறது. நாளை அந்த நாலு மணி நேரம் மட்டும் தனக்குப் போதும். ஒன்பதுக்கு மேல் செல்லப்பன் எடுத்துக்கொள்ளட்டும். அவருடைய தோட்டம் பாறைக் கரட்டுக்குப் பின்னால் ஒதுக்கமாக இருக்கிறது, அங்கே காற்று படுவதில்லை. அதற்குப் பதிலாகச் சனி விடியலில் செல்லப்பன் தனக்கு நாலு மணி நேரம் தர வேண்டும்.

“ஆறுக்கு முன்னால இன்ஜின் ஓடாது,” என்றார் கிறிஸ்துதாஸ். “இருட்டுல ஓட்டித்தான் போன வருசத்துக்கு முந்துன வருசம் ஜாயின்ட்டு புடுங்கி, பாதிக் குட்ட ஓடையில போச்சு. அதுக்கப்பறம் நானே போட்ட சட்டம்.”

“அண்ணா, இன்னைக்கி உங்க தண்ணி ரோட்டுக்குப் போனதப் பாத்தனுங்க.”

கிறிஸ்துதாஸ் துணியை மடித்து வைத்தார். அவர் நினைத்தால் நாளை விடியலைத் தனக்கே கேட்கலாம் என்று பொன்னுவேலுக்குத் திடீரென்று தோன்றியது. சாவி அவரிடம்தான் இருக்கிறது.

“எம் மொற முடிஞ்சது,” என்றார் கிறிஸ்துதாஸ். “ஐஞ்சுக்குத் தொறந்து உடறேன். பைப்பு ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் நீ டார்ச்சோட நடக்கோணும். நின்னு பாக்கக் கூடாது, நடக்கோணும். காளியாயி இன்ஜின்கிட்ட நிக்கட்டும். நீ கத்துனா உடனே நிறுத்தோணும்.”

இனி செல்லப்பன் சொல்ல வேண்டும். அவர் முகவாயைத் தடவினார்.

“சாமி உத்தரவா மாப்ள?”

“வேண்டுதல் இல்லைங்க மாமா. காத்து எப்ப அடங்குதுன்னு பாக்கத்தான் துணி கட்டுனேன். சாமிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைங்க.”

“தெரியும், தெரியும்,” என்றார் செல்லப்பன் குரலைத் தாழ்த்தி. “நேந்துக்கிட்டத வெளிய சொல்லக் கூடாது. நான் கேட்டதே தப்பு. எடுத்துக்க.”

பொன்னுவேல் இன்னும் ஒரு தடவை மறுத்துப் பார்த்தான். மறுக்க மறுக்க அவருக்கு நம்பிக்கை கூடியதால் விட்டுவிட்டான்.

வெள்ளி காலை ஐந்துக்கு இன்ஜின் பிடித்தது. முதல் ஸ்பிரிங்ளர் சுற்றத் தொடங்கியபோது தண்ணீர் வட்டமாக விழுந்தது. எந்தப் பக்கமும் இழுபடாத முழு வட்டம். பொன்னுவேல் டார்ச்சோடு பைப்பு நெடுக நடந்தான். ஓர் இடத்தில் கசிவு இருந்தது. ரப்பரைச் சுற்றிக் கட்டினான். ஒன்பதுக்குள் மேல் பகுதி முடிந்து, பைப்பு செல்லப்பன் தோட்டத்துக்குப் போனது. பத்து மணிக்குக் காற்று எழுந்தது, முந்தின நாளைவிடப் பலமாக. மதியம் ரோட்டு ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் முறிந்து, பஸ் முக்கால் மணி நேரம் நின்றது.

சனி விடியலில் நடுப்பகுதி நனைந்தது. எட்டே முக்காலுக்குக் காளியாயி இன்ஜின் பக்கமிருந்து ஏறி வந்தாள்.

“கீழ ஒரு மணி நேரம் உடலாமுங்களா? மாமன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சாமி காரியமுன்னு இருக்காரு.”

கீழ்ப் பகுதி அரை ஏக்கர். அதில் இருந்த செடிகளை அவர்கள் கல்யாணமான வருடம் அவள்தான் நாற்றுவிட்டு நட்டாள். தோட்டத்தில் அதிகம் காய்ப்பதும் அதுதான்.

“அங்க விடியலுலயே காத்து இருக்குது புள்ள. ஒரு மணி நேரத் தண்ணி, அதுலயும் பாதி பாறைக்குப் போவும். நனஞ்சும் நனையாம மொட்டு போயிரும். உட்டுட்டா மழைக்காச்சும் நிக்கும்.”

“மழ வருமுன்னு ரேடியோ சொல்லுச்சுங்களா?”

“சொல்லல.”

“அப்பறம்?”

காளியாயி கீழ்ப் பகுதியைப் பார்த்தபடி நின்றாள். மஞ்சள் துணி ஆடிக்கொண்டிருந்தது. அவள் இறங்கிப் போய் அதன் கீழ் நின்றாள். காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. பாறைச் சந்தில் கையை வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து, “நிறுத்தச் சொல்லுங்க,” என்றாள்.

ஒன்பது மணிக்கு கிறிஸ்துதாஸ் பைப்பைக் கழற்றினார்.

மார்ச் ஆறாம் தேதி ஞாயிறு மேல் பகுதி பூத்தது, மறுநாள் நடுப்பகுதி. கிறிஸ்துதாஸின் தோட்டத்தில் ரோட்டை ஒட்டிய பாதியில் மொட்டுகள் இளஞ்சிவப்பாக நின்றுவிட்டன. ஏப்ரல் பத்தொன்பது வரை மழை பெய்யவில்லை. அதற்குள் பொன்னுவேலின் கீழ்ப் பகுதியில் மொட்டுகள் கருகி உதிர்ந்திருந்தன. அந்த டிசம்பரில் மேல் பகுதியிலும் நடுப்பகுதியிலும் சேர்த்துப் பதினான்கு மூட்டைக் காபி களத்தில் காய்ந்தது. கீழே ஒன்றும் இல்லை.